மேஸ்திரி இருக்கும் வீடு

ஜனவரி 18

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நலம் விசாரித்துக் கடிதம் எழுதும் நிலைமையில் நாம் இல்லை. இருந்தாலும் விசாரிக்காமல் ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. நலமா?

நீயும் என் மகனும் வீட்டைக் காலி செய்து ஆளுக்கொரு பக்கம் போனதிலிருந்து உன் அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. விவாகரத்து மனு கொடுத்தாகிவிட்டது என்று அவளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப மேஸ்திரி யாரோட இருப்பான்?" என்றுதான் முதலில் கேட்டாள். நாய் என்றாலே நாலடி தள்ளி நிற்பவள் அவள்.

நான் எழுதுவதும் அதைப் பற்றித்தான். மேஸ்திரியை அவன் கேட்கிறான். வாங்கியது அவன், தடுப்பூசிச் சீட்டில் இருப்பதும் அவன் பெயர் என்கிறான். நீ அவன் போனை எடுப்பதில்லையாம். அதனால் என்னை எழுதச் சொன்னான். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களைக் கதவைப் பிளந்து வெளியே எடுத்தவன் நான். இப்போது நானே நடுவில் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவனும் தனியாகத்தான் இருக்கிறான். யோசித்துப் பார்.

போன வாரம் உன் புது இடத்துக்கு வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. என் குரல் கேட்டு மேஸ்திரி கதவைப் பிறாண்டினான். நீ திறக்கவில்லை. கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்துவிட்டுப் பஸ் ஏறினேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமா

ஜனவரி 25

மாமாவுக்கு,

கதவைத் திறக்காதது வேணும்னுதான். திறந்திருந்தா நீங்க பேசுவீங்க, நான் அழுவேன், கடைசியில எல்லாத்துக்கும் தலையாட்டிடுவேன். எட்டு வருஷமா அப்படித்தானே நடந்தது? பெரிசா எடுத்துக்கலைன்னு எழுதியிருக்கீங்க. எடுத்துக்கிட்டதாலதான் எழுதியிருக்கீங்க.

மேஸ்திரியைக் கொடுக்க மாட்டேன்.

வாங்கினது அவர்தான். இல்லைன்னு சொல்லலை. என் பிறந்தநாளுக்குப் பொம்மை வாங்கற மாதிரி வாங்கிட்டு வந்தார். "பீகிள், காது எவ்வளவு நீளம் பாரு"ன்னார். அந்தக் காதை வாராவாரம் பஞ்சு வச்சுத் துடைச்சது யாரு? துடைக்காம விட்டா சீழ் பிடிச்சு நாறும், பக்கத்துல உட்கார முடியாது. அந்த ஜாதி நாய்க்கு வயித்துல அடிப்பாகமே கிடையாதுன்னு அவருக்குத் தெரியுமா? போட்டதைத் தின்னுட்டு, போடாத சோப்பையும் தின்னுட்டு, அவர் சாக்ஸ்ல ஒண்ணையும் முழுங்கிட்டு வந்து, காலையில இருந்து பட்டினிங்கற முகத்தோட நிப்பான். குக்கர் விசில் அடிச்சா இவனும் கூடச் சேர்ந்து ஊளையிடுவான். நாம வேலை செஞ்சா பக்கத்துல உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பான், தான் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டான். மேஸ்திரின்னு பேர் வச்சது நீங்கதான்.

முதல் தடவை வலிப்பு வந்தப்போ அவனுக்கு மூணு வயசு. நாலு காலும் நீந்தற மாதிரி அடிச்சுக்குது, வாயில நுரை, கண்ணு எங்கேயோ போயிடுச்சு. உங்க மகன் என்ன சொன்னார் தெரியுமா? "கம்பளம் வீணாகுது, அந்தப் பக்கம் இழு." இழுத்தேன். அவனைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினதும் நான்தான். அன்னியிலிருந்து தினம் ரெண்டு வேளை மாத்திரை. ஒரு நாளாவது அவர் கையால கொடுத்திருக்காரான்னு கேட்டுப் பாருங்க.

தனியா இருக்கிறது கஷ்டமா இருந்தா ரேடியோ வாங்கிக்கச் சொல்லுங்க.

உங்கள் மருமகள்
(இன்னும் கோர்ட் முடிக்கலை, அதனால)

பிப்ரவரி 6

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தை உன் அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. ரேடியோ வரியை மட்டும் படித்தேன். சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

அவன் வக்கீலிடம் பேசிவிட்டான். நாயையும் மனுவில் சேர்க்கப் போகிறானாம். கோர்ட்டில் நாயும் நாற்காலியும் ஒன்றுதான், சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்கு என்று வக்கீல் சொன்னாராம். ஒரு நாய்க்காக இன்னும் நாலு தடவை நீ கோர்ட் படியேற வேண்டுமா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் தேய்க்கப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறாய். அதுவரை மேஸ்திரி ஊளையிடுகிறான் என்று உன் கீழ்வீட்டுக்காரர் அன்றைக்கு என்னிடம் முறையிட்டார். அவனுக்கும் அது நல்லதா? பகலில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பது?

என் மகனோ வேலையை வீட்டிலிருந்தே செய்கிறான். அவனை எனக்குத் தெரியும். அசட்டையானவன். கெட்டவன் இல்லை. நாயை நீ என் கையில் கொடு. நான் பழக்கிக் காட்டிவிட்டு அவனிடம் ஒப்படைக்கிறேன். மாத்திரைக்கு நான் பொறுப்பு. இது என் வார்த்தை.

மாமா

பிப்ரவரி 15

மாமாவுக்கு,

நேத்து வீட்டு ஓனரம்மா மாடியேறி வந்தாங்க. "நாயா வீடா, நீயே முடிவு பண்ணிக்கோ"ன்னாங்க. மேஸ்திரி அவங்க செருப்பு மேலே உட்கார்ந்துக்கிட்டு அவங்களையே அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு யாரையும் பிடிக்காதுங்கறதே கிடையாது. எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்.

நாலு இடம் வீடு தேடினேன். நாய்னதும் கதவைச் சாத்தறாங்க. தனியா இருக்கிற பொம்பளைன்னதும் பாதி சாத்தியிருந்ததையும் சாத்தறாங்க.

ஞாயித்துக்கிழமை நீங்க வாங்க. நீங்க மட்டும். அவர் வாசல்ல வந்து நின்னா கொடுக்க மாட்டேன்.

மருந்துச் சீட்டு அவன் பையில இருக்கும். அந்த மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்காது, பெரிய ஆஸ்பத்திரி எதிர்ல இருக்கிற மருந்துக் கடையில மட்டும்தான். கோழிக்கறித் துண்டுக்குள்ள வச்சுக் கொடுங்க, கறியைத் தின்னுட்டு மாத்திரையைத் துப்பினானான்னு தரையைப் பாருங்க. திடீர்னு நிறுத்தவே கூடாது. நிறுத்தினா வலிப்பு ஒண்ணு மேல ஒண்ணா வந்து ஆளையே கொண்டுபோயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். வெங்காயமும் திராட்சையும் ஆகாது. அவன் கேட்கிறானேன்னு கொடுக்காதீங்க, அவன் செங்கல்லைக்கூடக் கேட்பான்.

உங்க வார்த்தையை நம்பித்தான் கொடுக்கறேன். உங்க மகனை நம்பி இல்லை.

மருமகள்

மார்ச் 2

அன்புள்ள மருமகளுக்கு,

அன்றைக்கு நீ அவனைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாய். தெருமுனை வரை அவன் நடந்தான், அதற்கப்புறம் உட்கார்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டுதான் போனேன். என்ன கனம்!

சில நாள் எங்களோடு வைத்திருந்தேன். உன் அத்தை முதல் நாள் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் அவள் காய் நறுக்கும்போது அவன் எதிரே உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான். "என்னடா முறைக்கிறே, நான் சரியாத்தான் நறுக்கறேன்" என்று அவனிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவள் என்னிடம்கூட அவ்வளவு பேசியதில்லை.

பிறகு என் மகனிடம் கொண்டுபோய் விட்டேன். கறிக்குள் மாத்திரை வைப்பது எப்படி என்று செய்து காட்டினேன். போனில் பேசிக்கொண்டே பார்த்தான். "சரிப்பா, சரிப்பா" என்றான். மேஸ்திரி அவனைக் கண்டதும் துள்ளிய துள்ளலைப் பார்த்தால் உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். நல்லவேளை, நீ பார்க்கவில்லை.

கவலைப்படாதே.

மாமா

ஏப்ரல் 9

மாமா,

மேஸ்திரி காணோம். உங்களுக்குத் தெரியுமா?

உங்க மகன் நேத்துத்தான் செய்தி அனுப்பினார், ஒரே ஒரு வரி. "கதவு திறந்திருந்தது, நாய் ஓடிவிட்டது." ஓடிப்போய் ஒரு வாரம் ஆச்சாம். ஒரு வாரம், மாமா! போன் பண்ணேன், நானே. "நான் வெளியூர் போயிருந்தேன், வந்து பார்த்தா இல்லை, நான் என்ன பண்றது?"ன்னார். வெளியூர் போனவர் மாத்திரைக்கு யாரை வச்சுட்டுப் போனார்னு கேட்டேன். வச்சுட்டார், போனை.

கடைக்கு லீவு சொல்லிட்டு அவர் வீட்டைச் சுத்தி இருக்கிற தெருவெல்லாம் நடந்தேன். அவன் மோப்பத்தோட பின்னாடியே போற ஜாதி, தலையைத் தூக்கி வழி பார்க்கத் தெரியாது. எங்கேயாவது சோத்து வாசனை அடிச்சா போயிருப்பான். சுவர்ல எல்லாம் அவன் படம் ஒட்டியிருக்கேன். மாத்திரை இல்லாம இந்நேரம் எந்த மூலையில விழுந்து அடிச்சுக்கிட்டு இருக்கானோ.

நீங்க வர முடியுமா? உங்க குரலுக்கு அவன் வருவான். என் மேல கோபம் இருந்தா அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப வாங்க.

மருமகள்

ஏப்ரல் 17

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு மூட்டுவலி, உடனே கிளம்ப முடியவில்லை. அவனிடம் பேசினேன். அவனுக்கும் வருத்தம்தான்.

நீ வேலையை விட்டு வெயிலில் அலையாதே. நல்ல ஜாதி நாய், கழுத்தில் பட்டையும் இருக்கிறது. யாராவது எடுத்து வைத்திருப்பார்கள். நல்ல கையில்தான் இருப்பான் என்று நம்பு. உன் அத்தையும் அதையே சொல்லச் சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

ஜூலை 21

மாமாவுக்கு,

கோர்ட் முடிஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இனிமே உங்களை மாமான்னு கூப்பிட எனக்கு உரிமை இருக்கான்னு தெரியலை. வேற எப்படிக் கூப்பிடறதுன்னும் தெரியலை.

மேஸ்திரி கிடைக்கலை. ஞாயித்துக்கிழமை தவறாம தேடினேன். தெருநாய்களைப் பிடிச்சு அடைக்கிற இடத்துக்குப் போனேன், கூண்டு கூண்டா. எல்லாம் எழுந்து நின்னு வாலாட்டுது, என்னைக் கூட்டிட்டுப் போன்னு. போன மாசம் ஒரு குப்பை வண்டிக்காரர் போன் பண்ணார், நீளக் காது நாய் ஒண்ணு பெரிய ரோட்ல அடிபட்டுக் கிடக்குதுன்னு. ஓடினேன். சாக்கை விலக்கிக் காட்டினார். மேஸ்திரி இல்லை. எனக்கு வந்த நிம்மதியை நினைச்சு எனக்கே வெட்கமா இருந்தது. அதுவும் யாரோ வளர்த்ததுதானே.

அவன் கிடைச்சா வேணும்னு ஒரு தரைத்தள வீடு பார்த்துக் குடிவந்தேன். நாய் வச்சுக்கலாம்னு சொன்ன ஒரே ஓனர். கடைக்கு ரெண்டு பஸ் மாறணும். பின்னாடி கொஞ்சம் மண்தரை இருக்கு. தினம் அதைப் பார்த்துக்கிட்டே பல் தேய்க்கறேன்.

போதும்னு தோணிடுச்சு. அவன் செத்திருப்பான். முந்தாநாள் அவன் தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வச்சேன். உட்கார்ந்து அழுதேன், நல்லா அழுதேன். கையில இன்னும் ஒரு டப்பா மாத்திரை பிரிக்காம இருக்கு. நாளைக்கு அந்த மருந்துக் கடையில கொடுத்துட்டு வரப்போறேன், வேற ஏதாவது நாய்க்கு ஆகட்டும்.

உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அந்தக் குடும்பத்துல எனக்கு ஆறுதலா நாலு வரி எழுதினது நீங்க ஒருத்தர்தான். அத்தையைக் கேட்டதாச் சொல்லுங்க.

ஜூலை 22

ஐயா அவர்களுக்கு,

இன்னிக்கு மருந்துக் கடைக்குப் போனேன். டப்பாவை நீட்டினேன். கடைப்பையன் சிரிக்கிறான். "என்னக்கா இதைத் திருப்பித் தர்றீங்க? உங்க அப்பா போன வாரம்தானே உங்க சீட்டைக் காட்டி வாங்கிட்டுப் போனாரு. மாசாமாசம் பஸ்ஸேறி வர்றாரு, பாவம்"னான். எந்த அப்பான்னு கேட்டேன். என் அப்பா செத்துப் பத்து வருஷமாச்சு. "வழுக்கைத் தலை, லிஃப்ட் மெக்கானிக்குன்னு சொல்வாரே. நாய் நல்லாக் குண்டாயிட்டான்னு சொன்னாரே"ன்னான்.

டப்பாவைத் திரும்ப எடுத்துப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

எழுதுங்க. மூட்டுவலின்னு எழுதின கையால எழுதுங்க.

ஜூலை 30

அன்புள்ள அம்மாவுக்கு,

மறைக்க இனி ஒன்றும் இல்லை. மேஸ்திரி எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். ஏப்ரல் தொடக்கத்திலிருந்தே இருக்கிறான்.

அன்றைக்கு நான் மேஸ்திரியைப் பார்க்க என் மகன் வீட்டுக்குப் போனேன். மணியடித்தேன், யாரும் திறக்கவில்லை. என்னிடம் ஒரு சாவி உண்டு. உள்ளே போனால் நாற்றம். குளியலறைக் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. திறந்தேன். மேஸ்திரி தன் அசிங்கத்திலேயே விழுந்து கால்களை அடித்துக்கொண்டிருந்தான். நாக்கைக் கடித்து முகமெல்லாம் ரத்தம். பக்கத்தில் ஒரு வாளியில் சோறு, புளித்துப் போயிருந்தது. நீ கொடுத்தனுப்பிய பையைத் தேடினேன். நான் செய்து காட்டியபோது பிரித்ததற்கு மேல் ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

போர்வையில் சுற்றித் தூக்கினேன். கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தேன், ஓடிப்போனதாக என் மகன் நினைக்கட்டும் என்று. தெரிந்த வண்டிக்காரர் ஒருவர் எங்கள் ஊர் மாட்டு டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார். இரண்டு நாள் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார். அன்றிலிருந்து ஒரு வேளை மாத்திரைகூடத் தப்பவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? வழக்கு நடந்துகொண்டிருந்தது. நீ கோர்ட்டில் சொல்லியிருப்பாய். சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாயில்லா ஜீவனைக் குளியலறையில் பூட்டிவிட்டுப் போனவன் என்று என் மகனைப் பற்றி நாலு பேர் முன்னால் வாசிப்பதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. அவன் முகத்துக்கு நேரே கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் எங்களுக்கு ஒருவன்தான்.

வழக்கு முடிந்த பிறகு சொல்லியிருக்கலாம். பேனாவை எடுத்தேன். உன் அத்தை, "சொன்னா கூட்டிட்டுப் போயிடுவா" என்றாள். பேனாவை வைத்துவிட்டேன். மேஸ்திரி வந்த பிறகுதான் இந்த வீட்டில் சத்தம் இருக்கிறது. குக்கர் விசில் அடிக்க, அவன் ஊளையிட, இவள் அவனைத் திட்ட. நீங்கள் இருவரும் சேர்ந்து உடைத்துப் போட்டதில் எங்களுக்கு மிஞ்சியது இவன் ஒருவன்தான் என்று நினைத்தேன். நீ எனக்குக் கதவைத் திறக்காத கோபமும் உள்ளே எங்கோ இருந்திருக்கும். இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

வந்து அழைத்துக்கொண்டு போ. தடுக்க மாட்டேன். என் மகனிடம் மட்டும் சொல்லிவிடாதே.

மாமா

ஆகஸ்ட் 13

ஐயா அவர்களுக்கு,

போன ஞாயித்துக்கிழமை உங்க ஊருக்கு வந்தேன். பையில அவன் கயிறு இருந்தது. கூட்டிட்டு வரத்தான் வந்தேன்.

உங்க வீட்டுக்கு எதிர்ல சைக்கிள் ரிப்பேர்க் கடை, பூட்டியிருந்தது. அதன் நிழல்ல நின்னேன். நீங்க அவனைக் கூட்டிட்டு வெளியே வந்தீங்க. அத்தை வாசல்ல நின்னு, "சீக்கிரம் வாங்க, அவன் இன்னும் சாப்பிடலை"ன்னாங்க. நீங்க சாப்பிட்டீங்களான்னு அவங்க கேட்கலை.

காத்து என் பக்கமிருந்து உங்க பக்கம் அடிச்சது. மேஸ்திரி நின்னான். மூக்கைத் தூக்கினான். ரோட்டுப் பக்கம் இழுத்தான், நல்லாவே இழுத்தான். நீங்க பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினீங்க. அவன் என் பக்கம் ஒரு தடவை பார்த்தான், பிஸ்கட்டைப் பார்த்தான். பிஸ்கட்டோட போயிட்டான்.

அவனைக் குத்தம் சொல்லலை. அவன் நாய்.

கூப்பிட்டிருந்தா வந்திருப்பான். வாய் வரைக்கும் வந்தது. கூட்டிட்டுப் போய் என்ன பண்ணுவேன்? காலையில பூட்டிட்டு ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போகணும். உங்க மகன் பூட்டினது குளியலறையில, நான் பூட்டப்போறது மண்தரையில. வலிப்பு வந்தா ரெண்டு இடத்துலயும் அவன் தனிதான். உங்க வீட்ல பகல் பூரா ரெண்டு பேர் இருக்கீங்க. கயிறை எடுக்காமலே திரும்பி வந்தேன்.

கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். "இவன் என்கிட்ட இருக்கட்டும்மா"ன்னு ஒரு வார்த்தை. நானே அவன் தட்டைக் கொண்டுவந்து கொடுத்திருப்பேன். என்னை நீங்க கூண்டு கூண்டாத் தேட விட்டீங்க. சாக்கு விலக்கிப் பார்க்க விட்டீங்க. மாசாமாசம் எங்க ஊருக்கு வந்துட்டு, என்னைப் பார்க்காம பஸ்ஸேறிப் போனீங்க. மகனைக் காப்பாத்தினீங்க, நாயைக் காப்பாத்தினீங்க. உங்க மகன் அசட்டையானவர்னு எழுதினீங்களே, அவர் செஞ்சது அசட்டைதான். நீங்க யோசிச்சு யோசிச்சு செஞ்சீங்க.

அவர்கிட்ட சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க, அவர் கேட்கவும் மாட்டார்.

பிஸ்கட்டை நிறுத்துங்க. அவன் இடுப்பே தெரியலை, அந்த எடைக்கு முதுகு போயிடும். இடது காதைத் தலையைச் சாய்ச்சுத் தேய்ச்சுக்கிட்டே போனான், உள்ளே பாருங்க. அந்த மாத்திரை வருஷக்கணக்கா சாப்பிட்டா ஈரலைத் தின்னும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கணும். உங்க டாக்டருக்கு இது தெரியாட்டி வேற டாக்டர்கிட்டப் போங்க.

இனிமே எனக்கு எழுதாதீங்க. அவனுக்கு வயசு எட்டாகப் போகுது, வலிப்பு வேற. ஒரு நாள் போயிடுவான். அப்பவும் எழுதாதீங்க. அவனுக்காக நான் ஒரு தடவை அழுது முடிச்சாச்சு. இனி அது உங்க முறை.